விருப்பப்பட்டால் எழுத்து

இப்படி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் அக்காள் மகன் சிரித்துவிட்டான். "உங்களுக்கு எதற்கு மாமா இந்த வம்பு? செத்துப்போன ஒரு பதிப்பில், பத்துப் பேர்கூட உபயோகித்திருக்க மாட்டார்கள், ஒரு ஸ்விட்ச். அதன்மேல் போய் இவ்வளவு கோபமா?" என்றான். அவன் கம்ப்யூட்டர் படித்தவன். சென்னையில் அந்த வேலையிலேயே சம்பாதிக்கிறவன். நானோ கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டுப் பட்டம் வாங்காமலே எழுந்து வந்து கதை எழுதப் புகுந்தவன். இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு என்ன அருகதை என்று வாசகர்களும் கேட்கலாம். வைத்தியம் படிக்காதவனுக்கும் வயிற்று வலி வரும் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் கிடையாது.

வலி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-ல் நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு அத்தியாயங்களை, அப்போதுதான் பழகியிருந்த யுனிகோட் எழுத்தில் நானே தட்டி, ஒரு பத்திரிகைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்தக் காரியாலயத்தில் இருந்த பக்க அமைப்பு சாதனத்துக்கு யுனிகோட் என்றால் என்னவென்று தெரியாது. அது நான் அனுப்பியதைத் திறந்தது. தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டது. சேமித்துவிட்டேன் என்று சொல்லிற்று. அதைத்தான் எனக்குத் திருப்பி அனுப்பினார்கள். நானும் அதைத் திறந்து பார்க்காமல் என்னிடமிருந்த அசலின்மேலேயே வைத்து மூடினேன். முட்டாள்தனம் என்னுடையதுதான்; அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

பல வருஷம் கழித்து, சென்ற ஆண்டு, பழைய தகடுகளையெல்லாம் அக்காள் மகனிடம் கொடுத்து மீட்டுத் தரச் சொன்னேன். பாக்கியெல்லாம் மீண்டு வந்தன. இந்த இரண்டு அத்தியாயங்கள் மட்டும் பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகளாகவே நின்றன. அந்தக் கேள்விக்குறிகளுக்கு நடுவே கமாக்கள் பத்திரமாக இருந்தன. முற்றுப்புள்ளிகள் இருந்தன. மேற்கோள் குறிகள் இருந்தன. ஆகவே எந்த இடத்தில் பாட்டி பேசுகிறாள், எங்கே பேத்தி குறுக்கிடுகிறாள் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. 1987 என்று ஒரு வருஷத்தைக் குறிப்பிட்டிருந்தேன். அந்த நான்கு இலக்கங்களும் ஒரு கீறல் இல்லாமல் பிழைத்திருந்தன. பாட்டி என்ன பேசினாள் என்பது மட்டும் போய்விட்டது.

"இதிலிருந்து எடுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியாது மாமா. வேறு எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிடலாம். இதில் 'அ'வும் கேள்விக்குறி, 'ழ'வும் கேள்விக்குறி. எது எது என்ற வித்தியாசமே அழிந்துவிட்டது."

அன்று ராத்திரி அவன் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, இது உங்கள் ஒருவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டமல்ல, உலகத்தின் பெரிய பெரிய சாதனங்களிலேயே எழுத்து என்பது வெகு காலம் விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் சமாசாரமாகத்தான் இருந்தது என்று சொல்லி, பைதான் மொழியின் கதையை எடுத்தான். ஆறுதல் கிடைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

பைதான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகளில் ஒன்று. 1989-ன் கடைசியில், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த குய்டோ வான் ரோஸம் என்ற டச்சுக்காரர் அதை எழுதத் தொடங்கினார். 1991-ல் அது வெளி உலகத்துக்கு வந்தது. அதே 1991-ல்தான் யுனிகோடின் முதல் பதிப்பும் வந்தது என்பது ஒரு வேடிக்கை. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் ஆளுக்கு ஓர் எண் என்பதுதான் யுனிகோட் செய்த காரியம். தமிழுக்கு அந்த முதல் பதிப்பிலேயே 128 இடம் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். ஆனால் பைதான் பிறந்தபோது அதற்குத் தெரிந்த எழுத்தெல்லாம் பைட் என்கிற சிறு பெட்டிகள்தாம். ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து. இங்கிலீஷுக்கு அது சரியாகப் பொருந்தும். 1963-ல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்ற பட்டியலில் மொத்தமே 128 குறிகள்.

2000-ம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த பைதான் 2.0-ல் யுனிகோட் உள்ளே வந்தது. எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருந்த பைட் சரத்துக்குத்தான் 'ஸ்ட்ரிங்' என்ற பெயர். புதிதாக வந்ததற்கு 'யுனிகோட்' என்று வேறு பெயர் வைத்துத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். பெயரில்லாமல் சொன்னால் வீட்டுக்காரன். பெயர் சொன்னால்தான் விருந்தாளி. நீங்கள் ஒரு தமிழ்ச் சொல்லை எழுத்தாக எழுத வேண்டுமானால் அதற்கு முன்னால் 'யு' என்று ஓர் அடையாளம் போட வேண்டும். இங்கிலீஷ்காரருக்கு அந்த அடையாளம் வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 2001-ல், அந்த ஸ்விட்ச் வந்தது. பைதான் மொழியே சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சாதனம். அதன் மூலத்தை எடுத்து, நம்முடைய இயந்திரத்துக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளலாம். இதைத் தொழிலில் பில்ட் என்கிறார்கள். அப்படிக் கட்டும்போது 'டிஸேபிள் யுனிகோட்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யுனிகோட் பகுதிகளை முழுக்க ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கட்டிக் கொடுக்கும். அதற்குப் பிறகு அந்தப் பைதானில் 'யுனிகோட்' என்ற பெயரே இராது. இந்த ஏற்பாட்டுக்காக மூலம் நெடுகிலும், யுனிகோட் தொட்ட இடமெல்லாம், "யுனிகோட் இருந்தால் மட்டும்" என்று வேலி போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. மொழி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே எழுதி வைத்திருந்த சோதனைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து யுனிகோட் எழுத்துக்களையும் அகற்றினார்கள். எழுத்து இல்லாமல் கட்டிய வீட்டிலும் சோதனை ஓட வேண்டுமே!

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் ஆட்சேபம். ஒரு கட்டடத்துக்குள் சிலர் நுழைய முடியாது என்பது ஒரு விஷயம். அவர்கள் நுழைய முடியாததைக் கண்டுபிடிக்கக்கூடிய சோதனைகளையும் அவர்கள் இல்லாததற்கு ஏற்றவாறு திருத்தி வைப்பது வேறு விஷயம்.

பிற்பாடு இதை இன்னும் நாஸூக்காகச் செய்தார்கள். யுனிகோட் தேவைப்படும் சோதனைகளின் தலையில் ஒரு குறி வைத்துவிட்டார்கள்: யுனிகோட் இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் விட்டுவிடு. விட்டுப்போன சோதனை தோல்வியில் சேராது. கடைசியில் கணக்குச் சொல்லும்போது, இத்தனை விடப்பட்டன என்று ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு, எல்லாம் சரி என்றுதான் முடியும். பரீட்சைக்கே வராத பையன்களை விட்டுவிட்டு, எழுதினவர் அத்தனை பேரும் பாஸ், நூற்றுக்கு நூறு என்று போர்டு மாட்டுகிற பள்ளிக்கூடம் நம் ஊரிலும் உண்டு.

தொழில் தெரிந்தவர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள்: இல்லாத வசதியைச் சோதிக்க முடியாது, அதை விடுவதுதான் முறை என்பார்கள். வாஸ்தவம். இல்லாத வசதியைச் சோதிக்க முடியாதுதான். இல்லாமல் செய்தது யார் என்பதல்லவா கேள்வி?

கதையில் மிகவும் விசித்திரமான கட்டம் 2014-ல் வருகிறது. அதற்குள் பைதான் தன் தவறை உணர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. 2008 டிசம்பரில் வெளிவந்த பைதான் 3.0-ல் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டார்கள்: ஸ்ட்ரிங் என்றாலே யுனிகோட்; பைட்டுக்குத்தான் தனிப் பெயர், தனி அடையாளம். அணைக்கிற ஸ்விட்சும் கிடையாது. ஆனால் பழைய 2.7 உயிரோடு இருந்தது. 2015-ல் அதைக் கைவிடுவதாகத்தான் ஏற்பாடு; அதை 2020 வரைக்கும் நீட்டித்தது இந்த 2014-ல்தான். அந்த வருஷம் ஜூன் மாதத்தில், யுனிகோட் இல்லாமல் 2.7-ஐக் கட்டினால் எது எது உடைகிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தார். பார்த்தால் கட்டுமானமே உடைந்து கிடக்கிறது! ஸ்விட்ச் இருக்கிறது, போட்டால் வேலை செய்யவில்லை. அவர் சலிக்காமல் இருபதுக்கு மேற்பட்ட குறைகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் திருத்தம் எழுதி வைத்தார்.

அந்தப் பட்டியலை என் அக்காள் மகன் எனக்குக் காட்டினான். அதில் 'எக்ஸ்.எம்.எல்.' என்ற முறையைப் படிக்கும் பகுதி இருக்கிறது. அந்த முறையின் விதியே எழுத்தென்றால் யுனிகோட் எழுத்து என்பதுதான். அதை யுனிகோட் இல்லாமல் ஓட வைக்க ஒரு திருத்தம்! அதற்குக் கீழே 'கெட்டெக்ஸ்ட்' என்று ஒன்று. அது என்ன என்று கேட்டேன். ஒரு சாதனம் பயனாளரிடம் பேசும் வாசகங்களை அவரவர் தாய்மொழிக்கு மாற்றித் தருகிற பகுதி என்றான். உலகத்து மொழிகளில் பேசுவதற்கென்றே உண்டான பகுதி, உலகத்து எழுத்துக்கள் இல்லாமல் உடைந்துவிட்டதாம். அதைச் சரி செய்ய வேண்டுமாம். நான் கதையில் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர், நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த மனிதரின்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. ஒரு கதவு இருக்கிறது என்று எழுதிப் போட்டிருந்தால் அது திறக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறேன். கதவு இருந்ததற்கு அவர் என்ன செய்வார்? என் கட்சியெல்லாம், அதைப் பழுதுபார்த்திருக்கக் கூடாது, செங்கல் வைத்து அடைத்திருக்க வேண்டும் என்பதுதான். யாரும் உபயோகிக்காத ஸ்விட்ச் என்கிறார்களே, உபயோகிக்காததற்கு ஏன் மூலம் நெடுகிலும் வேலி? யாரோ உபயோகிக்கிறார்கள் என்றால், அந்த யாரோ கட்டிய இயந்திரத்தில் என் பாட்டி வாய் திறந்தால் என்ன ஆகும்?

எதிர்க்கட்சியாரின் வாதங்களில் இரண்டு கனமானவை. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை அல்ல.

முதலாவது, இடம். சின்ன இயந்திரம், கொஞ்சம் நினைவகம். எல்லா எழுத்துக்களின் அட்டவணையையும் அதில் எப்படிச் சுமப்பது என்கிறார்கள். 2001-ல் இது பொய்யான கவலை அல்ல. யுனிகோட் சரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட். தாராளமாகக் கட்டினால் நான்கு. இங்கிலீஷில் ஒரு பைட்டில் முடிகிற காரியத்துக்கு நாலு மடங்கு இடம் என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இந்தப் பிரச்சினை எப்படித் தீர்ந்தது தெரியுமா? 2012-ல் வந்த பைதான் 3.3-ல் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். சரத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார். இங்கிலீஷும் அதைச் சேர்ந்த ஐரோப்பிய எழுத்தும் மட்டும் என்றால் ஒரு பைட். தமிழ் போன்றவை வந்தால் இரண்டு. அதற்கும் அப்பாற்பட்டவை வந்தால் நான்கு. தீர்ந்தது. (அப்பாற்பட்டவற்றில் நம்முடைய முந்திரியும் காணியும் உண்டு, அந்தப் பழைய பின்னக் குறிகளுக்கு 2019-ல்தான் யுனிகோடில் இடம் கிடைத்தது.) இங்கிலீஷ்காரருக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை, மற்றவருக்கு வாசலும் திறந்திருக்கிறது. பந்தியில் இலை போதவில்லை என்றால் இலையை அளவாக நறுக்க வேண்டுமே தவிர, பாதிப் பேரை எழுந்து போகச் சொல்லக் கூடாது. நறுக்கத் தெரிந்த மூளை 2001-லும் அவர்களிடம் இருந்திருக்கும். எழுந்து போகச் சொல்வது சுலபமாக இருந்தது.

இரண்டாவது வாதம் கொஞ்சம் தந்திரமானது. "யுனிகோட் இல்லாவிட்டால் என்ன? உங்கள் தமிழை யு.டி.எஃப்-8 பைட்டுகளாக அனுப்புங்கள். சாதனம் அதைத் தொடாமல் அந்தப் பக்கம் கொடுத்துவிடும். ஒன்றும் கெடாது" என்கிறார்கள். உண்மைதான், தொடாத வரையில் கெடாது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோட் கணக்கில் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பைட்டாகப் போனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம் பதினைந்து. எழுத்து தெரியாத பைதானிடம் இந்தச் சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் பதினைந்து என்று சொல்லும். முதல் பத்தை வெட்டிக் கொடு என்றால் கூசாமல் வெட்டும். 'தமி' என்பதோடு ழகரத்தில் மூன்றில் ஒரு துண்டு ரத்தம் சொட்டத் தொங்கும். கடைசியிலிருந்து திருப்பிப் படி என்றால் வருவது எந்த மொழியிலும் சேர்த்தி இல்லை. அதாவது, நம் எழுத்து அந்த வீட்டுக்குள் மூட்டையாகப் போகலாம், மூட்டையாக வெளியே வரலாம். உள்ளே பிரிக்கக் கூடாது. சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்புகிறவன், மனிதர்கள் பிரயாணம் செய்தார்கள் என்று கணக்கு எழுதுகிறான்.

இது பழங்கதை இல்லை என்பதற்கும் ஒரு வார்த்தை. உலகத்து வலைத்தளங்களில் ஏராளமானவை பி.எச்.பி. என்ற மொழியில் ஓடுகின்றன. அதில் நீளம் கேட்கும் சாதாரணக் கட்டளைக்குத் 'தமிழ்' இன்றைக்கும் பதினைந்துதான். சரியாக எண்ணுகிற பகுதி தனியே உண்டு. அது தானாக வராது, கட்டும்போது கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். அந்த மொழியை முழுக்க யுனிகோடுக்கு மாற்றுகிறேன் என்று ஆரம்பித்த முயற்சியை 2010-ல் கைவிட்டார்கள். பைதானின் தம்பியான மைக்ரோபைதான், விரல் நுனி அளவுள்ள சில்லுகளில் ஓடுவது. அதிலும் யுனிகோடை அணைத்துக் கட்ட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விளக்கை ஏற்றி அணைக்கும் ஒரு சில்லுக்கு எழுத்து வேண்டாம் என்றால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். அந்தச் சில்லு ஒரு நாள் கதவில் உட்கார்ந்து வருகிறவன் பெயரைக் கேட்கும், அன்றைக்கு வருகிறேன்.

இத்தனை பேசிவிட்டு நம்மைப் பற்றிப் பேசாமல் முடித்தால் அது அயோக்கியத்தனம். பைதான்காரர்கள் ஒரு ஸ்விட்ச் வைத்தார்கள். நாம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை வைத்தோம். தமிழில் டி.டி.பி. கடைக்கு ஓர் எழுத்துரு, பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு. ஒரு கடையில் தட்டியதை அடுத்த தெருவில் திறந்தால் லத்தீன் எழுத்துக் குப்பை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் மாநாடு கூடியது. கூடி, ஒன்றுக்கு இரண்டாகத் தாப், தாம் என்று தரம் வகுத்துக் கொடுத்தார்கள். யுனிகோட் அப்போது எட்டு வயதுப் பிள்ளை. நம் அரசாங்கம் அதை அதிகார பூர்வமாக ஏற்க 2010 ஆயிற்று. ஏற்கும்போதே கூடவே டேஸ்-16 என்று இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டது. யுனிகோடில் தமிழுக்குக் கொடுத்த இடம் போதாது, மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று நம் அறிஞர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மூன்றெழுத்துச் சொல் ஐந்தாக எண்ணப்படுவதை நானே மேலே சொன்னேன். ஆனால் அந்த நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்த வருஷங்களில் எத்தனை கையெழுத்துப் பிரதிகள் எந்தக் கடை எழுத்துருவில் மாண்டன என்பதை யார் கணக்கெடுத்தார்கள்? என் இரண்டு அத்தியாயங்களை விழுங்கிய சாதனம் ஆம்ஸ்டர்டாமில் இல்லை. நம் ஊரில், ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மேஜைமேல் இருந்தது. எழுத்துத் தெரியாமலே தமிழ் அச்சடித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் பைதான் 3-ஐ உண்டாக்கியவர்களை நான் மெச்சுகிறேன். அது சுலபமான காரியமல்ல. பழைய நிரல்கள் லட்சக்கணக்கில் உடைந்தன. வருஷக்கணக்காகத் திட்டு வாங்கினார்கள். 2020 ஜனவரி முதல் தேதி 2.7-க்கு ஆதரவு நிற்கும் வரையில் இரண்டு வீட்டுக்கும் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நஷ்டமும் எதற்காக? விருந்தாளியை வீட்டுக்காரனாக்குவதற்காக. "பழசே நன்றாகத்தானே ஓடியது" என்று முணுமுணுத்தவர்கள் யார் என்று பாருங்கள்: தங்கள் பெயரைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள 128 குறிகளே போதுமாக இருந்தவர்கள் அவர்களில் அதிகம். அவர்களோடு சேர்ந்துகொண்டு நம் பையன்களும் முணுமுணுத்ததாக அக்காள் மகன் சொன்னான். அவனும் முணுமுணுத்தானா என்று கேட்டேன். "ஆபீஸில் பழைய நிரலை மாற்றுவதற்கு ஆறு மாதம் ராத்திரியெல்லாம் கண் விழித்தேன் மாமா, முணுமுணுக்காமல் என்ன செய்வது?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனால் அந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் கஸ்டமர் பட்டியலில் பாதிப் பெயர் கேள்விக்குறியாக இருந்தது வெளியே தெரிந்தது" என்று சொன்னான்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் டெஸ்ட் எல்லாம் பாஸ்."

அந்த இரண்டு அத்தியாயங்களையும் நான் மறுபடி எழுதினேன். நாவலிலும் சேர்த்தாகிவிட்டது, படித்தவர்கள் குறையொன்றும் சொல்லவில்லை. கேள்விக்குறிகள் நிறைந்த பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். எங்கே மேற்கோள் குறி திறக்கிறதோ அங்கே பாட்டியைப் பேச வைத்தேன். எங்கே கமா இருக்கிறதோ அங்கே மூச்சு வாங்க வைத்தேன். ஓர் இடத்தில் அவள் நீளமாக, நாற்பது ஐம்பது கேள்விக்குறிக்கு, நிறுத்தாமல் ஏதோ பேசியிருக்கிறாள். அங்கே மட்டும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.